இரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் கொழுப்பும் பரம்பரைச் சொத்தா?

"நேற்றுக்கூட நன்றாகத்தானே இருந்தார்! வேலை விட்டு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தவர்தான்..."

தோட்டப்புறத்து இழவு வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் எல்லாருமே இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இறந்தவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். அவருடைய அண்ணனும் இப்படித்தான் போனார் என்பார் ஒருவர். அப்பனே ஐம்பதைத் தாண்டவில்லை என்பார் இன்னொருவர். "அந்தக் குடும்பத்துக்கே ஆயுசு அவ்வளவுதான்" என்று ஒரு பெரியவர் பேச்சை முடித்து வைப்பார்.

வாசகர்களே, அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கின்றது. சில குடும்பங்களில் மாரடைப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது உண்டு. ஆனால் அதற்குப் பெயர் விதி அல்ல. மருத்துவ உலகம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றது, காரணத்தையும் கண்டுபிடித்திருக்கின்றது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் முதல் படி ஒரு சாதாரண இரத்தச் சோதனைதான். மருந்தும் நம் அரசாங்க கிளினிக்குகளிலேயே கிடைக்கின்றது.

நியாலாஸ், அசகான், ஜாசின் சுற்றுவட்டாரத்தில் இரத்தக் கொதிப்புக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. அவர்களைவிட, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக என்று சொல்வது இன்னும் பொருத்தம்.

கொதிப்பு வேறு, கொழுப்பு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கொதிப்புக்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறேனே, கொழுப்பும் அதிலேயே அடங்கிவிடாதா?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். அடங்காது. இரத்தக் கொதிப்பு என்பது இரத்தக் குழாயின் சுவர்மேல் இரத்தம் கொடுக்கும் அழுத்தம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 140க்கு 90 என்றோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பக் காட்டினால் அது நோய். கொலஸ்ட்ரால் எனப்படும் கொழுப்போ இரத்தத்தோடு கலந்து ஓடும் ஒரு பொருள். எத்தனை முறை பட்டை சுற்றினாலும் அது அகப்படாது. ஊசியால் இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் அகப்படும்.

இரண்டும் வேறு வேறு என்றாலும், ஒரே உடம்பில் சேர்ந்துவிட்டால் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூட இரத்தக் குழாயின் உட்சுவர் நைந்துபோகும். நைந்த இடத்தில் கொழுப்பு புகுந்து படியும். படிந்த இடத்தில் குழாய் தடித்து, இறுகி, வழி குறுகும். ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி முழுவதும் அடைபடும். அது இருதயத்துக்குப் போகும் குழாயானால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயானால் பக்கவாதம்.

2023ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் 100க்கு 29 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. 100க்கு 33 பேருக்குக் கொழுப்பு அதிகம் இருந்தது. மூவரில் ஒருவர்! தலைவலியோ மயக்கமோ கொழுப்புக்குக் கிடையாது. உள்ளே ஏறிக்கொண்டே போகும், ஆளுக்குத் தெரியாது.

பால் ஸ்டோரின் வாசல்கள்

கொழுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் சாப்பாட்டின் மேல்தான் பழியைப் போடுகிறோம். ஆட்டுக்கறி, முட்டை, தேங்காய்ப்பால், நாசி லெமாக். பழி போடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே சட்டியில் பொங்கித் தின்னும் அண்ணன் தம்பிகளில் ஒருவனுக்குக் கொழுப்பு 4, மற்றவனுக்கு 8 என்று காட்டுகிறதே, அது எப்படி?

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். காலையில் எடுத்த பாலை வாளி வாளியாக ஸ்டோருக்குக் கொண்டு வருகிறீர்கள். ஸ்டோரில் பத்து வாசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற பால் உடனுக்குடன் உள்ளே போய்விடும். ஒரு நாள் ஐந்து வாசலைப் பூட்டிவிட்டார்கள். என்ன ஆகும்? வாளிகள் ரோட்டில் வரிசை பிடித்து நிற்கும். வெயில் ஏற ஏறப் பால் கட்டிப்போகும். ரோடெல்லாம் ஒட்டுப்பால்!

நம் உடம்பில் அந்த ஸ்டோர்தான் ஈரல். கொழுப்பைச் சுமந்து இரத்தத்தில் சுற்றும் வாளிகளுக்கு எல்.டி.எல். என்று பெயர். கெட்ட கொழுப்பு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஈரலின் மேற்பரப்பில் இந்த வாளிகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசலை எப்படிச் செய்வது என்ற குறிப்பு நம் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பு இரண்டு பிரதி. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தகப்பன் தந்தது. அவற்றில் ஒரு பிரதி பழுது என்றால் வாசல்களில் பாதி வேலை செய்யாது. பிறந்த நாளிலிருந்தே இரத்தத்தில் எல்.டி.எல். தேங்கத் தொடங்கிவிடும். பத்தியம் இருந்தாலும் தேங்கும். மாடாய் உழைத்தாலும் தேங்கும்.

இதைப் பரம்பரைக் கொழுப்பு நோய் என்கிறோம். உலக அளவில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவரிடம் இது இருக்கின்றது. ஒரு பெரிய கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எண்ணினால் இரண்டு மூன்று பேராவது அகப்படுவார்கள் என்று அர்த்தம். மருந்து எடுக்காமல் விட்டால், இந்த நோயுள்ள ஆண்களில் பாதிப்பேர் 50 வயதுக்குள் இருதய நோய்க்கு ஆளாகிறார்கள். பெண்களில் 100க்கு 30 பேர் 60 வயதுக்குள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பெண் பேதம் இல்லை.

கொழுப்பு கூடியவர்கள் எல்லாருக்கும் இந்த ஒற்றைப் பழுது இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலோருக்குப் பல மரபணுக்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடும்; சாப்பாடு, உடல் எடை, இனிப்புநீர் எல்லாம் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதுவும் பரம்பரைதான். ஆனால் நாம் கையை வைத்துத் திருத்த அதில் இடம் அதிகம்.

நம் மண்ணில் எழுந்த கேள்வி

இந்தியர்களுக்கு இருதய நோய் அதிகம் என்பது இன்று பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதை முதன்முதலில் எண்ணிக்கையோடு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். 1960களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்து கட்டி எழுப்பியவர். அங்குள்ள மருத்துவ நூலகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவரும் அவரோடு சேர்ந்த மருத்துவர்களும் 1959ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய மருத்துவ ஏடொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பரிசோதித்த குறிப்புகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, இனவாரியாகப் பிரித்து ஆராய்ந்திருந்தார்கள். சீனர்களைவிட இந்தியர்களிடம் இருதயக் குழாய் அடைப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே கடைத்தெரு! இன்றைய கொலஸ்ட்ரால் மாத்திரைகள் உலகத்தில் இல்லாத காலத்தில், நம் ஆட்களின் நெஞ்சைப் பார்த்து இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள்.

பிறகு உலகம் முழுவதிலிருந்தும் சான்றுகள் வந்தன. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பெரும் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுவதாகவும், மற்றவர்களுக்கு 58, 59 வயதில் வருவதாகவும் 2007ல் வெளியிட்டார்கள். ஐந்தாறு ஆண்டு வித்தியாசம். ஒரு மகளின் கல்யாணத்தைப் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அந்த ஐந்தாறு ஆண்டுக்குள்தானே இருக்கிறது?

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. இந்த அவசரத்துக்கு முக்கியக் காரணம், புகை, கொழுப்புக் கோளாறு, இனிப்புநீர் போன்றவை நம்மவர்களிடம் இளம் வயதிலேயே கூடிவிடுவதுதான். ஆகவே எல்லாவற்றையும் இரத்தத்தின் மேல் போட்டுவிட்டுச் சிகரெட்டைப் பற்றவைப்பதற்கு இதில் இடமில்லை.

பரம்பரையாக வருவதில் இன்னொன்றும் உண்டு. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒரு வகைக் கொழுப்புத் துகள். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் 1963ல் கண்டெடுத்தது. உலகில் ஐவரில் ஒருவருக்கு இது அதிகம் என்கிறார்கள். நம் இனத்தாரிடம் கூடுதலாகவே காணப்படுகிறது. அதன் அளவு ஆயுள் முழுதும் பெரிதாக மாறாது என்பதால் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். வழக்கமான கொழுப்புச் சோதனையில் இது வராது. குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிறுமியின் கதை

பரம்பரைக் கொழுப்பு நோயைப் பற்றி நார்வே மருத்துவர் கார்ல் முல்லர் 1930களின் இறுதியிலேயே எழுதிவிட்டார். கை கால் நரம்புகளில் கொழுப்புக் கட்டியும் நெஞ்சுவலியும் பரம்பரையாக ஓடிய பதினேழு குடும்பங்களை அவர் விவரித்தார். ஆனால் காரணம் புரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரு டாக்டர்கள் 1973ல் அந்த வாசல் இரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். 1985ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தாய் வழிப் பிரதி, தகப்பன் வழிப் பிரதி இரண்டுமே பழுதானால் என்ன ஆகும்? அதைக் கேட்க மனம் திடப்பட வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டோர்மி ஜோன்ஸ் என்ற சிறுமி இப்படிப் பிறந்தாள். ஆறு வயதுக் குழந்தைக்கு இருதயம் கெட்டுப்போனது. அவளுடைய கொழுப்பு, நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், 25க்கும் மேல்! பெரியவர்களுக்கே 5.2க்குள் இருக்க வேண்டியது. 1984 பிப்ரவரி 14ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனையில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சலும் அவருடைய குழுவினரும் அவளுக்கு இருதயத்தையும் ஈரலையும் ஒருசேர மாற்றி வைத்தார்கள். உலகத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. புது ஈரலில் வாசல்கள் இருந்தன. கொழுப்பு மளமளவென்று இறங்கியது. பள்ளிக்கூடம் போனாள், விளையாடினாள். 1990ல், பதின்மூன்றாம் வயதில், அவள் இறந்துபோனாள்.

இவ்வளவு கடுமையான நோய் மிக அபூர்வம். இலட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் வரும். ஆனாலும் நம் வழக்கம் ஒன்று இந்தக் கணக்கை மாற்றிவிடக்கூடியது. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொந்தத்தில் சம்பந்தம்

மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று உரிமைப் பெண்ணைக் கட்டுவது நம்மவர்களிடம் இருந்துவரும் வழக்கம். 1976ஆம் ஆண்டில் நிறைவேறி 1982 மார்ச் முதல் அமலுக்கு வந்த நம் நாட்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், நெருங்கிய இரத்த உறவுகளை விலக்கி வைத்தாலும், இந்துக்கள் வழக்கப்படி அக்காள் மகளை, அதாவது தாய்மாமனை, மணப்பதற்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் இடம் கொடுத்ததைக் குறை சொல்ல வரவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள்.

ஒருவருக்குப் பரம்பரைக் கொழுப்பு நோய் இருக்கிறது. அவர் உறவில்லாத இடத்தில் பெண் எடுத்தால், அந்தப் பெண்ணுக்கும் அதே நோய் இருக்க 250ல் ஒரு வாய்ப்பு. அத்தை மகளையோ மாமன் மகளையோ எடுத்தால் 8ல் ஒரு வாய்ப்பு. சொந்த அக்காள் மகளையே எடுத்தால் 4ல் ஒரு வாய்ப்பு! இருவருக்கும் இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியும் பழுதாகப் போக நாலில் ஒரு பங்கு இடம் உண்டு. லெபனான் நாட்டில் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களைத்தான் கச்சதூரியன் என்ற டாக்டர் ஆராய்ந்து, ஒரு பிரதி பழுதானவர், இரு பிரதியும் பழுதானவர் என்ற வேறுபாட்டை 1964ல் தெளிவாக்கினார்.

சம்பந்தம் பேசும்போது ஜாதகம் பார்க்கிறோம், நகை எவ்வளவு என்று பேசுகிறோம். குடும்பத்தில் ஐம்பதுக்குள் நெஞ்சுவலியில் போனவர்கள் உண்டென்றால், மாப்பிள்ளை பெண் இருவருடைய கொழுப்பையும் ஒரு முறை பார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? கல்யாணத்தை நிறுத்துவதற்காக அல்ல. பிறக்கிற பிள்ளையை எந்த வயதில் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக.

கொதிப்பு இருந்தும் தப்பியவர்கள்

மரபணு கெடுதலே செய்யும் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு அது அதிர்ஷ்டமாகவும் வாய்க்கிறது. அதே டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் என்ற இருவர் வேறொரு மரபணுவை ஆராய்ந்தார்கள். நம் கதையில் சொன்ன ஸ்டோர் வாசல்களை அவ்வப்போது உடைத்துப் போடும் ஒரு சாமானை உடம்பே செய்கிறது. அந்தச் சாமானைச் செய்யும் மரபணு சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. உடைப்பதற்கு ஆள் இல்லாததால் வாசல்கள் பெருகி நிற்கும். கொழுப்புக் குறைந்தே இருக்கும்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் 3,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2006ல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. இப்படிப் பிறந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 100க்கு 28 பங்குதான் குறைவு. ஆனால் இருதய நோய் வரும் அபாயம் 100க்கு 88 பங்கு குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்த மக்களிடையே இரத்தக் கொதிப்பும் புகைப் பழக்கமும் தாராளமாக இருந்தன.

கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் இந்தச் செய்தியை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு சின்ன வயதிலிருந்தே குறைவாக இருந்தால், கொதிப்பு இருந்தும்கூடப் பெரும்பாலும் தப்பலாம். கொழுப்பு பிறந்ததிலிருந்தே கூடியிருந்தால், கொதிப்பைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது. நாற்பது வருஷம் தேங்கியதும் நாலு வருஷம் தேங்கியதும் ஒன்றாகுமா?

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்

பெரும்பாலும் அடையாளமே இருக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இருந்தால் இவை. குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு வீங்கி, கட்டி கட்டியாகத் தட்டுப்படும். கை விரல் முட்டிகளின் மேல்புறத்திலும் அப்படிக் கட்டி தோன்றலாம். வேலை செய்து காய்த்துப் போனது என்று விட்டுவிடுவோம். கண் இமையோரத்தில் மஞ்சள் நிறத்தில் தடிப்பு வரும். கருவிழியைச் சுற்றி வெண்சாம்பல் நிறத்தில் வளையம் போடும். வயதானவர்களுக்கு அந்த வளையம் சாதாரணமாகவே வரும். 45 வயதுக்கு முன் வந்தால் விசாரிக்க வேண்டியது.

ஆள் ஒல்லியாக இருக்கிறாரே என்று ஏமாற வேண்டாம். செம்பனைக் குலை வெட்டி, தள்ளுவண்டி தள்ளி, உடம்பில் ஒரு பிடிச் சதை இல்லாதவருக்கும் இந்த நோய் இருக்கும்.

பூஞ்சணத்திலிருந்து வந்த மருந்து

மருந்து வந்த கதையும் சுவையானது. ஜப்பானில் அகித்தா என்ற பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. சின்ன வயதில் தாத்தாவோடு காளான் பொறுக்கித் திரிந்தவர். பெரியவரானதும் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சணத்தில் இருக்குமா என்று ஆறாயிரம் வகையைச் சோதித்தார். 1973ல் அரிசியில் படரும் நீலப் பச்சைப் பூஞ்சணம் ஒன்றில் அது அகப்பட்டது! இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு அதுவே ஆதி. முதல் மாத்திரை 1987ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024ல், தொண்ணூறு வயதில் காலமானார்.

இந்த மாத்திரை ஈரல் கொழுப்புச் செய்வதைக் குறைக்கிறது. கொழுப்புப் போதாத ஈரல் என்ன செய்யும்? இன்னும் வாசல் திறந்து, இரத்தத்தில் போவதை உள்ளே இழுக்கும். சிம்வஸ்டாட்டின், அட்டோர்வஸ்டாட்டின் என்ற பெயரில் அரசாங்க கிளினிக்கில் கொடுப்பது இதுதான். உங்கள் மாத்திரைப் பையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின், பெரிண்டோபிரில் போன்றவை வேறு.

அளவு இறங்கிவிட்டது என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் தீர்ந்து இறங்கவில்லை, மாத்திரையால் இறங்கியது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். சிலருக்குத் தசை வலி வரலாம். வந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்றுவார், வேறு மருந்து தருவார். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசல் உடைக்கும் சாமானை அடக்கும் ஊசி மருந்துகளும் 2015 முதல் வெளிநாடுகளில் வரத் தொடங்கிவிட்டன. அவை விலை கூடியவை. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும்.

வீட்டுக்கு வீடு வந்து நானூறு வெள்ளிக்கு விற்கும் பானங்கள் பழுதான மரபணுவைத் திருத்தாது. அந்தப் பணத்தில் குடும்பம் முழுவதற்கும் தனியார் கூடத்தில் இரத்தச் சோதனை செய்துவிடலாம்.

அடுப்பங்கரைக் கணக்கு

மாத்திரை எடுக்கிறோமே என்று வாயைக் கட்டாமல் விடுவதும் கூடாது. நாம் குலை வெட்டி அனுப்பும் செம்பனையின் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, கொழுப்பை ஏற்றும் வகை. தேங்காய் எண்ணெயில் அது 100க்கு 80க்கும் மேல். கறிக்குத் தேங்காய்ப்பாலே ஊற்றக் கூடாது என்று எந்தத் தாயிடமும் சொல்ல நமக்குத் துணிவில்லை. வாரத்தில் ஏழு நாளை இரண்டு நாளாக்கலாம் அல்லவா? பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சுட வைக்காமல் இருக்கலாம் அல்லவா?

உப்பு கொதிப்புக்கு எதிரி. ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், மீ பாக்கெட் மசாலா என்று பார்த்தால் காலைப் பசியாறலிலேயே அது தீர்ந்துவிடும். பரம்பரைக் கொழுப்பு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. மற்றவர்களுக்கு அது நிறையவே செய்யும்.

யார் யார் பார்க்க வேண்டும்?

இரத்தக் கொதிப்பு உள்ள ஒவ்வொருவரும் கொழுப்பையும் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கிளினிக் புத்தகத்தைப் புரட்டுங்கள். கடைசியாக எப்போது இரத்தம் எடுத்தார்கள்? எல்.டி.எல். என்ற எழுத்துக்கு நேரே என்ன எண் இருக்கிறது? மாத்திரை எடுக்காத நிலையில் அது 4.9 அல்லது அதற்கு மேல் என்றால், "பரம்பரையாக இருக்குமோ டாக்டர்?" என்று வாய்திறந்து கேளுங்கள். ஒருவருக்கு உறுதியாகிவிட்டால், அவருடைய அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, பிள்ளைகள் எல்லாருக்கும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் பார்த்துவிடுவது நல்லது. பெற்றோர் இருவருக்கும் இருந்தால் அதற்கும் மிக முன்பே. பத்து வயதில் கண்டுபிடித்து மருந்து தொடங்கிய பிள்ளை, மற்றப் பிள்ளைகளைப் போலவே வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி பார்க்கலாம்.

மரபணுச் சோதனைதான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண இரத்தச் சோதனையும் குடும்ப வரலாறும் சேர்ந்தாலே டாக்டருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். மரபணு வரை போக வேண்டியவர்களுக்கு நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. சுங்கை பூலோவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இந்த நோயைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2019ல் தொடங்கிய பேகா பி40 திட்டத்தில் இலவசச் சோதனையும் உண்டு. அடையாளக் கார்டைக் கொண்டுபோய் விசாரியுங்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டில் கூடும்போது பெரியம்மா, சித்தப்பாமார்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்த வயதில், எதனால் இறந்தார்? அத்தைக்குப் பக்கவாதம் வந்தபோது வயது என்ன? யார் யாருக்குக் கொதிப்பு? நமக்கு மலாய் சரளமாக வராதே என்று தயங்குபவர்கள் டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டி இவ்வளவு சொன்னால் போதும்: "டாக்டர், கெலுவார்கா சாயா ராமாய் சாக்கிட் ஜந்தோங், மாசே மூடா." என் குடும்பத்தில் பலருக்கு இருதய நோய், சின்ன வயதிலேயே என்று அர்த்தம். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.